மின்ட் ஒரு பொட்டு கூடிப்போச்சு

பைய மேல வைக்க வேணாம் தம்பி, உள்ள கிளாஸ் இருக்கு. மடியிலயே வெச்சுக்கறேன். நீங்க ஜன்னல் பக்கம் போங்க, எனக்கு ஈரக்காத்து ஆகாது. பாண்டி வரைக்குமா? நானும் பாண்டிதான். நாலு மணி நேரம். பேசிகிட்டே போலாம். பேச ஆள் கெடச்சே ரொம்ப நாளாச்சு.

வாசனை வருதா? வரும். மின்ட்டு. குடிச்சுட்டு பஸ் ஏறினவன்னு நெனைக்காதீங்க. குடிச்சேன், இல்லேங்கல, சின்ன கிளாஸ்ல ஒண்ணு. ஆனா குடிகாரன் இல்ல. நான் சொல்தா. பிரெஞ்சு பட்டாளத்துல பதினாறு வருஷம் இருந்துட்டு பென்ஷனோட வந்தவன். நீங்க பாண்டிக்காரர், சொல்தான்னா உங்களுக்கு சொல்லத் தேவையில்ல. பேரு தனிஸ்லாஸ்.

காரைக்காலுக்கு எதுக்கு வந்தேன்னா, பொண்டாட்டிய கூட்டிட்டுப் போக வந்தேன். வரல அவ. நாலு மாசமா தங்கச்சி வீட்ல உக்காந்திருக்கா. அம்பத்தெட்டு வயசுல கோவிச்சுகிட்டுப் போறவள நீங்க பாத்திருக்கீங்களா? நானும் பாத்ததில்ல. எதுக்குப் போனான்னு சொன்னா சிரிப்பீங்க. ஒரு கிளாஸ்ல மின்ட் கொஞ்சம் கூடிப்போச்சு. அதுக்குதான். மாதா சத்தியமா அதுக்குதான். முழுசா கேளுங்க, கேட்டுட்டு நீங்களே நியாயத்த சொல்லுங்க.

எங்க வீட்ல ஞாயித்துக்கிழமைக்கு ஒரு மொற உண்டு. காலைல பூசை. வந்து பகல் சாப்பாடு. சாப்பிட்டோமா, கைய கழுவினோமா, பாய விரிச்சோமான்னு இருக்கற வீடு இல்ல எங்களுது. சாப்பாடு முடிஞ்சதும் செமிக்கறதுக்கு ஒரு சின்ன கிளாஸ் உண்டு. பிரெஞ்சுல திஜெஸ்தீஃப்னு பேரு. பட்டாளத்துல ஆபீசருங்க சாப்பாட்டு ஹால்ல நான் பார் பாத்துகிட்டிருந்தேன். ஒரு கேப்டன் கத்துக் குடுத்தாரு. பெரிய வித்தையெல்லாம் இல்ல. ரெண்டு பங்கு பிராந்தி, ஒரு பங்கு மின்ட். மின்ட்னா இந்த பச்சைக் கலர் தண்ணி இல்ல. வெள்ளை மின்ட், அதுவும் மதுதான், சர்க்கரை போட்டது, நாக்குல வெச்சா மூக்குத்தண்டு வரைக்கும் குளுகுளுன்னு ஏறும். பொடிச்ச ஐசு போட்டு, மூடி போட்டுக் குலுக்கி, சின்ன கிளாஸ்ல வடிக்கணும். மூணு வாய்ல கிளாஸ் காலி. போதைக்கு இல்ல தம்பி அது. மரியாதைக்கு.

எங்க தெருவுல என் கைப்பக்குவத்துக்கு ஒரு பேரே இருந்தது. சவரிநாதன்னு ஒருத்தரு, என்கூட பட்டாளத்துல இருந்தவரு, ரெண்டு வீடு தள்ளி. அவர் சொல்வாரு, "தனிஸ்லாஸ் கை கழுவின தண்ணியக் குடுத்தாகூட கண்ண மூடிட்டுக் குடிப்பேன்"னு. அப்படி ஒரு பேரு.

நான் வெள்ளைச் சட்டை போட்டுகிட்டு ஹால்ல நிப்பேன். பிலோமின் தட்டக் கொண்டாந்து வெப்பா. பிலோமின்தான் என் பொண்டாட்டி. கிளாஸெல்லாம் காலைலயே ஃபிரிஜ்ல வெச்சு பனி பூத்துப் போயிருக்கும். ஐசு, துணியில கட்டி குழவியால அடிச்சு, கட்டியும் இல்லாம தண்ணியும் இல்லாம கல்லுப்பு பதத்துல இருக்கும். அளவு மூடி, குலுக்கற ஷேக்கர், வடிகட்டி, எல்லாம் வரிசையா. அப்புறம் நான் பண்ணுவேன். பண்றது நான். ஐசு ஒடைக்கறதும் கிளாஸ் எடுத்து வெக்கறதும் ஒரு வேலையா, சொல்லுங்க.

இன்னொண்ணு சொல்லணும். நான் குலுக்கும்போது அவ சமையக்கட்டு வாசப்படியில நின்னு என்னமோ முணுமுணுப்பா. கிட்டப் போய்க் கேட்டா, அருள்நிறைந்த மரியே செபம்! நான் என்ன பண்ணிட்டிருக்கேன், இவ என்ன பண்றா பாருங்க. குடிக்கற பாவிங்களுக்காக மாதாகிட்ட மன்றாடறா போலன்னு விட்டுட்டேன். சவரிநாதன் கிண்டல் பண்ணுவாரு, "மதாம் நம்ம எல்லாரையும் மோட்சத்துல சேர்க்காம விட மாட்டாங்க"ன்னு. அவ சிரிச்சுகிட்டே உள்ள போய்டுவா.

என்னது? அவளுக்குக் குடுப்பீங்களான்னா கேக்கறீங்க? பொம்பளைங்களுக்கு சிரோ உண்டுங்க, சர்பத்து மாதிரி. செக்கச்செவேல்னு மாதுளை சிரோ, ஐசுத் தண்ணியில கலந்து. வெள்ளைக்காரிங்க வந்தா கிளாஸ் குடுப்பேன், அது வேற. நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு எதுக்கு அது? அவளும் கேட்டதில்ல. முப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவ கேட்டதில்ல. கேட்டாதானே நான் குடுக்கறதா வேணாமான்னு யோசிக்கவாவது முடியும்?

அவ சாப்பிடறது எப்பன்னு கேட்டா எனக்குத் தெரியாது. நாங்கல்லாம் எழுந்தப்புறம் சாப்பிடுவா. சாப்பிட்டிருப்பா.

இந்த வருஷம் பதினாலு ஜூலை. பிரெஞ்சுக்காரங்க திருநாள். நாங்க சொல்தாங்க எல்லாம் மெடல் குத்திகிட்டு ஊர்வலம் போவோம், நீங்க பாத்திருப்பீங்க. அன்னைக்கு என் மக நத்தாலி பிரான்ஸ்லேர்ந்து வந்திருக்கா, புருஷனோட. மருமகன் வெள்ளைக்காரன். தங்கமான பையன். தமிழ்ல "சாப்டாச்சா" ஒண்ணுதான் தெரியும், அத வெச்சே ஊரெல்லாம் சுத்திட்டு வந்துட்டான். வெள்ளை மின்ட் பாட்டிலு ரெண்டு கொண்டாந்திருந்தான். பகல் சாப்பாட்டுக்கு எட்டு பேரு. கோழி, வாத்து, இறால், எல்லாம் பிலோமின் சமையல். சாப்பாடு முடிஞ்சுது. நான் மெடல் குத்தின சட்டையோட எழுந்தேன். குலுக்கினேன், வடிச்சேன், ஒவ்வொருத்தர் கையிலயும் குடுத்தேன்.

அந்த நேரம் பாத்து அவ எச்சத்தட்ட எடுக்க வந்தா. மருமகன் பட்டுனு எழுந்து, தன் கிளாஸ அவ கையில நீட்டறான். "மம்மா, உனக்கு"ங்கறான் பிரெஞ்சுல. அவ என்னப் பாத்தா. நான் என்ன பண்ண முடியும்? மருமகன், அதுவும் வெள்ளைக்காரன் நீட்டறான். சரி, வாங்கிக்கோன்னு கண்ணக் காட்டினேன். காட்டினேன்னுதான் நெனைக்கறேன். காட்டியிருப்பேன்.

அவ வாங்கி ஒரு வாய் குடிச்சா. மொதல் தடவ குடிக்கறவ என்ன பண்ணணும் தம்பி? மூஞ்ச சுளிக்கணும். இருமணும். ஐயோ எரியுதேன்னு வாய விசிறணும். இவ என்னடான்னா கண்ண மூடி, நாக்குல நிறுத்தி, நிதானமா முழுங்கிட்டு சொல்றா, "இன்னைக்கு மின்ட் ஒரு பொட்டு கூடிப்போச்சுங்க"ன்னு. சபையில! எட்டு பேரு முன்னாடி!

சவரிநாதன் இருக்காரே, அவர் சும்மா இருந்திருக்கலாம். இன்னொரு வாய் உறிஞ்சிப் பாத்துட்டு, "அட, ஆமாம்பா"ன்னுட்டாரு. எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. நத்தாலி கை தட்டறா. எனக்கு ரெண்டு காதும் சூடாய்டுச்சு. "உனக்கு எப்படிடி தெரியும் கூடினதும் கொறஞ்சதும்?"னு கேட்டேன்.

அவ சொல்றா, "தெரியாம என்ன? கழுவறதுக்கு முன்னாடி ஷேக்கர் அடியில ஒரு வாய் நிக்கும். அது எனக்கு. முப்பது வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம சமையக்கட்டுல நான் ஒருத்தியா குடிச்சுகிட்டுதானே இருக்கேன்." சிரிச்சுகிட்டேதான் சொன்னா. வேணும்னு குத்திப் பேசல. நானும் அவங்களோட சேர்ந்து சிரிச்சிருக்கலாம். சிரிச்சிருந்தா இன்னைக்கு நான் இந்த பஸ்ல இல்ல.

நான் சொன்னேன், "எச்சி குடிக்கற நாயே"ன்னு.

பிரெஞ்சுல சொல்லியிருந்தா அப்படியே போயிருக்கும், அதுல எச்சிக்கு வார்த்தையே இல்ல. தமிழ்ல சொல்லிட்டேன். மருமகன் நத்தாலிகிட்ட, அப்பா என்ன சொன்னாருன்னு கேட்டான். அவ அதை பிரெஞ்சுல மாத்திச் சொல்லல. தலைய குனிஞ்சுகிட்டா.

ஷேக்கர்ல நிக்கறது எச்சி இல்ல. எனக்கு மட்டும் தெரியாதா? யார் வாயும் படாதது அது. கோவத்துல வந்துடுச்சு. நீங்க கல்யாணம் ஆனவர்தானே? உங்க வாயில ஒரு வார்த்த வந்ததில்லியா? சும்மா சொல்லுங்க, யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அவ அழல. அழுதிருந்தா சமாதானம் பண்ணியிருப்பேன். எப்பவும் போல எல்லாத்தையும் கழுவி, தொடச்சு, கவுத்து வெச்சா. சாயங்காலம் எல்லாருக்கும் காப்பி போட்டா. எனக்கும்தான் போட்டா. மறுநா காலைல எழுந்தா, பிளாஸ்க்குல காப்பி இருக்கு, அவ இல்ல. காரைக்காலுக்குப் போய்ட்டா, தங்கச்சி கிளோத்தில் வீட்டுக்கு. கிளோத்திலுக்கு புருஷன் இல்ல, தனியா இருக்கறவ. ரெண்டு நாள்ல வந்துடுவான்னு நெனச்சேன்.

நத்தாலி போற அன்னைக்கு ஏர்போர்ட்ல சொன்னா, "பப்பா, ஒரு பார்தோன் சொல்லிடுங்க"ன்னு. பார்தோன்னா மன்னிப்பு. எதுக்கும்மான்னேன். அவ பெட்டியத் தள்ளிகிட்டு உள்ள போய்ட்டா. வாரத்துக்கு ரெண்டு தடவ கூப்பிடறவ இப்ப மாசத்துக்கு ஒருக்கா கூப்பிடறா.

போன் அடிக்குது பாருங்க, உங்களுதுதான். எடுங்க, எடுங்க, வீட்லயா? பேசிட்டு வாங்க, நான் இங்கதான் இருக்கேன்.

என்னவாம்? பால் வாங்கிட்டு வரணுமா? வாங்கிட்டுப் போங்க. மறந்துடாதீங்க.

எங்க விட்டேன்? ஆங். அடுத்த ஞாயிறு சவரிநாதன் வந்தாரு. ஓட்டல்லேர்ந்து பிரியாணி வாங்கி வெச்சிருந்தேன். சாப்பிட்டு முடிச்சு நான் எழுந்தேன், எப்பவும் போல. தட்டு இல்ல. கிளாஸ் அலமாரியில தூசியோட நிக்குது. ஐசு பொடிக்க எந்தத் துணின்னு தெரியல. பூந்துண்டுல கட்டி அடிச்சேன். துண்டு நாரு எல்லாம் கிளாஸ்ல மிதக்குது. ஐசு பாதி கட்டி, பாதி தண்ணி. குலுக்கினேன், எப்ப நிறுத்தறதுன்னு கை சொல்ல மாட்டேங்குது. முப்பத்தோரு வருஷமா தானா நின்ன கை தம்பி! வடிச்சா கழனித்தண்ணி மாதிரி இருக்கு. பிராந்தி சரியில்ல, இப்பல்லாம் எதுல கலப்படம் இல்லேன்னு சொன்னேன். சவரிநாதன் பாதி குடிச்சுட்டு வெச்சுட்டாரு. நாலு வாரம் பொறுத்துப் பாத்தாரு. அப்புறம் மக வீட்ல சாப்பாடு, மழை, முட்டி வலின்னு ஒவ்வொண்ணா சொல்லி நின்னுட்டாரு.

போன ஞாயிறு நான் ஒண்டியா மேசையில உக்காந்திருந்தேன். தெருவுல ஒரு சத்தம் இல்ல. எனக்கு எதிர்ல இருந்த நாற்காலியப் பாத்துகிட்டே இருந்தேன். அதுல அவ உக்காந்து நான் பாத்த ஞாபகமே வரல. எவ்வளவு யோசிச்சும் வரல. அப்ப அழுகை வந்துடுச்சு. பட்டாளத்துக்காரன் அழக்கூடாதுன்னு எவன் சொன்னான்? வாய்விட்டு அழுதேன்.

அழுது முடிச்சு ஒரு முடிவு எடுத்தேன். ஷேக்கர், மருமகன் கொண்டாந்த மின்ட், பிராந்தி, ரெண்டு கிளாஸ், எல்லாத்தையும் பையில போட்டுகிட்டு நேரா போறது. அவ முன்னாடி என் கையால பண்ணி, மொதல் கிளாஸ அவ கையில குடுக்கறது. இதவிட ஒரு ஆம்பள எறங்கி வர முடியுமா, நீங்களே சொல்லுங்க.

பிராந்தி காரைக்கால்லயே கெடைக்குமேங்கறீங்க. கெடைக்கும். கடைக்குக் கடை கெடைக்கும். ஆனா நம்ம வீட்டு பாட்டில்லேர்ந்து எடுத்துட்டுப் போறதுல ஒரு இது இருக்கில்ல? வழியில சோதனைச் சாவடியில பஸ்ஸ நிறுத்தி பையெல்லாம் பாக்கறாங்க. பாண்டி சரக்கு தாண்டிப் போவக்கூடாதில்ல. பிராந்திய நான் டானிக் பாட்டில்ல ஊத்தி வெச்சிருந்தேன். மின்ட்டும் ஒரு மருந்து பாட்டில்ல. அந்த போலீஸ்காரப் பையன் மின்ட்ட தெறந்து மோந்து பாத்துட்டு, "என்ன தாத்தா, சளி மருந்தா?"ங்கறான். ஆமாம்பா, நெஞ்சுல கட்டியிருக்குன்னேன். பொய் இல்லியே அது. பாவம், மூடி போட்டுக் குடுத்துட்டான்.

காரைக்கால்ல எறங்கி நடந்து போனேன். மாதா கோயிலுக்குப் பின்னாடி தெரு. கதவு தெறந்தே கெடந்தது. உள்ள சிரிப்புச் சத்தம். செருப்பக் கழட்டிட்டு எட்டிப் பாக்கறேன்.

மேசையில மூணு பொம்பளைங்க. ஒருத்தி கிளோத்தில். இன்னொருத்தங்க பக்கத்து வீட்டு டீச்சராம். நடுவுல என் பொண்டாட்டி. சாப்பிட்டு முடிச்சு, காலு மேல காலு போட்டு உக்காந்திருக்கா. ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ், முன்னாடி, பனி பூத்துப் போய். பக்கத்துல ஒரு ஊறுகாய் பாட்டிலு. அதுலதான் குலுக்கியிருக்கா! ஷேக்கர் இல்ல, வெள்ளை மின்ட் இல்ல. புதினாவ சர்க்கரைப் பாகுல போட்டு இவளே காய்ச்சி வடிச்சிருக்கா. கடை பிராந்தி. என்ன தைரியம் பாருங்க.

என்னப் பாத்ததும் மத்த ரெண்டு பேரும் எழுந்துட்டாங்க. இவ எழுந்திருக்கல. "வாங்க"ன்னா. கொரல்ல கோவம் இல்ல. "சாப்டீங்களா?"ன்னா. இல்லேன்னேன். அப்புறம்தான் எழுந்து சோறு போட்டா. கொடுவா மீன் கொழம்பு. கோவமா இருக்கறவ நடுத்துண்டத்த எடுத்துப் போடுவாளா? போட்டாளே! அப்பவே மனசுக்குள்ள சொல்லிகிட்டேன், தனிஸ்லாஸ், காரியம் ஆய்டுச்சுன்னு.

சாப்பிட்டு முடிச்சதும் அந்த ஊறுகாய் பாட்டில்லேர்ந்து எனக்கும் ஒரு கிளாஸ் ஊத்தி வெச்சா. குடிச்சேன். உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நல்லா இருந்தது. நான் பண்றதவிட நல்லா இருந்தது. அதை அங்க சொல்லல.

சொல்லியிருக்கணுமோ?

சிதம்பரம் வந்துடுச்சு. பத்து நிமிஷம் நிக்கும். எறங்கி ஒரு டீ குடிச்சுட்டு வரலாம், வாங்க. பை என்கூடவே வரட்டும். நீங்க குடுக்க வேணாம், நான் குடுக்கறேன், பெரியவன் சொன்னா கேக்கணும்.

உக்காருங்க. சூடா இருந்தது இல்ல? மீதியையும் சொல்லிடறேன்.

நான் பைய தெறந்து ஒவ்வொண்ணா எடுத்து மேசையில வெச்சேன். "இரு, இன்னைக்கு நான் பண்றேன், உனக்கு"ன்னேன். உனக்குன்னு சொன்னேன் தம்பி, அழுத்தி. கிளோத்தில் வாயப் பொத்திகிட்டா. சிரிச்சாளோ அழுதாளோ தெரியல. ஐசு எங்கேன்னேன். பிலோமின் உள்ள போய் ஐசு, ஒரு மல்லுத் துணி, குழவி மூணையும் கொண்டாந்து என் முன்னாடி வெச்சுட்டு, நாற்காலியில போய் உக்காந்துட்டா. பொடிச்சுத் தரல. நான் பொடிச்சேன். மூணு பொம்பளைங்க முன்னாடி. "மெதுவா, ஒரே எடத்துல அடிக்காதீங்க. இப்ப போதும்"னா. பாத்தா, கல்லுப்பு பதம்.

ரெண்டு பங்கு, ஒரு பங்கு. மூடி போட்டுக் குலுக்கினேன். நிறுத்தினேன். "இன்னும் ஆவல"ங்கறா. குலுக்கினேன். "எவ்ளோ நேரம்டி?"ன்னு கேட்டேன்.

"ஒரு அருள்நிறைந்த மரியே"ன்னா.

எனக்குப் புரியல. அப்புறம் சொல்றா, "நீங்க குலுக்கும்போது நான் வாசப்படியில நின்னு சொல்லுவேனே, அது எதுக்குன்னு நெனச்சீங்க? ஆமென் வந்ததும் கையில இருக்கற தட்டுல ஒரு ஸ்பூன சத்தம் வர வெப்பேன். அந்தச் சத்தத்துக்கு நீங்க நிறுத்துவீங்க."

நான் பக்தின்னு நெனச்சேன் தம்பி. முப்பத்தோரு வருஷம் ஊரே என் கைய மெச்சினது அந்த ஸ்பூன் சத்தத்துக்கு.

சரின்னு நானே செபத்த சொல்லிகிட்டு குலுக்கினேன். சத்தமா. மொதல் பாதி நல்லா வந்தது. பாவிங்களுக்காக வேண்டிக்கற எடம் வரும் பாருங்க, அங்க வார்த்தை நின்னுடுச்சு. அவ எடுத்துக் குடுப்பான்னு பாத்தேன். குடுக்கல. கொஞ்சம் கொஞ்சமா நானே சொல்லி முடிச்சேன். ஆமென். நிறுத்தினேன். வடிச்சேன். எழுந்து போய் ரெண்டு கையாலயும் அவளுக்குக் குடுத்தேன்.

அவ உக்காந்தபடியே வாங்கினா. ஒரு வாய் குடிச்சு, கண்ண மூடி, முழுங்கினா. கண்ணத் தெறந்து சொன்னா, "சரியா இருக்குங்க. இனிமே நீங்களே பண்ணிக்கலாம்"னு.

கேட்டீங்களா? சரியா இருக்குன்னா! சவரிநாதன் என்ன, எந்த ஜெனரல் சொல்லியிருந்தாலும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. "அப்ப கெளம்பு, மூணரை பஸ்ஸப் புடிச்சுடலாம்"னேன்.

"நீங்க கெளம்புங்க. மழை வர மாதிரி இருக்கு"ன்னா.

"நீ?"

"நான் இங்கதாங்க இருக்கப் போறேன்."

"இன்னும் கோவமா?"ன்னேன்.

"கோவமெல்லாம் எப்பவோ போய்டுச்சு."

"அப்புறம் என்னதான்டி?"

அவ மேசைய தடவிகிட்டே சொன்னா, "எனக்கு இந்த மேசை புடிச்சிருக்குங்க"ன்னு.

மேசையாம்! நம்ம வீட்ல இருக்கறது பர்மா தேக்கு. பன்னண்டு பேரு உக்காரலாம். இது பிளைவுட்டு தம்பி, ஒரு கால் ஆடுது, அடியில அட்டைய மடிச்சு வெச்சிருக்காங்க. இத விட்டுட்டு வர மாட்டாளாம். நான் சொன்னேன், வேணும்னா இதையும் வண்டியில ஏத்திடலாம்னு. அவ சிரிச்சா. அந்த பழைய சிரிப்புதான். அதுல ஒண்ணும் கொறையல.

மன்னிப்பு கேட்டீங்களான்னு நீங்க வாய்விட்டுக் கேக்கல, ஆனா மூஞ்சியில தெரியுது. கேக்கல. வாய் வரைக்கும் வந்தது. நாலு மணி நேரம் பாட்டில சுமந்துட்டு வந்தவன் எதுக்கு வந்தான்னு அவளுக்குத் தெரியாதா, அதை வேற சொல்லணுமான்னு நெனச்சேன். இப்ப உங்ககிட்ட சொல்றேனே, இதுல பாதிய அங்க சொல்லியிருக்கலாம். அங்க நான் என்ன சொன்னேன் தெரியுமா? பிளைவுட்டப் பத்தி பேசிட்டு வந்திருக்கேன்.

வாசல் வரைக்கும் வந்தா. அதுக்கு முன்னாடி, நான் சாமானெல்லாம் பையில எடுத்து வெச்சுகிட்டிருக்கும்போது, அந்த மேசையிலயே உக்காந்து ஒரு காகிதத்துல என்னமோ எழுதிகிட்டிருந்தா. நாலா மடிச்சு என் சட்டைப் பையில வெச்சு விட்டா. பத்திரம்னா. மூக்குக்கண்ணாடிய நான் பாண்டியிலயே வெச்சுட்டு வந்துட்டேன். அவ முன்னாடி கண்ணாடியோட கெழவனாட்டம் போய் நிக்க வேணாம்னுதான். இப்ப எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி தெரியுது.

பொண்டாட்டி எனக்கு எழுதறது இதுதான் மொதல் தடவ. பட்டாளம் விட்டு வந்தப்புறம்தானே கல்யாணம், அதனால அப்பகூட லெட்டரு கெடையாது. பக்கம் முழுக்க எழுதியிருக்கா. நேர்ல தங்கச்சி முன்னாடி சொல்ல கூச்சப்பட்டிருப்பா. என்னைக்கு வரேன்னு இதுல எழுதியிருப்பா. கிறிஸ்மஸ்க்கு வந்துடுவான்னு எனக்குத் தோணுது. நத்தாலிக்குக்கூட சொல்லிடலாம்.

படிங்க தம்பி. வெட்கமெல்லாம் ஒண்ணும் இல்ல, சத்தமாவே படிங்க. லைட்டு போட்டுட்டாங்க, தெரியும்.

கிளாஸ காலைல பூசைக்குப் போறதுக்கு முன்னாடியே ஃபிரிஜ்ல வெக்கணுமா? சரி. ஐசுத் துணி, சமையக்கட்டு அலமாரியில ரெண்டாவது தட்டு, இடது பக்கம். ஓ, அங்கதான் இருக்கா! நான் தேடாத எடம் இல்ல. பிரஷர் மாத்திரை காலைல சாப்பிட்டப்புறம், வெறும் வயித்துல கூடாது. பாத்தீங்களா அக்கறைய? கேஸ் சிலிண்டர் மாத்தற பையன் நம்பர். பால்காரர். இஸ்திரிக்காரர். சரி சரி, அதெல்லாம் இருக்கட்டும், கீழ வாங்க. கீழதான் விஷயம் இருக்கும்.

என்ன எழுதியிருக்கா? இன்னொரு தடவ படிங்க.

"ஒரு ஆளுக்கு: பிராந்தி ரெண்டு மூடி, மின்ட் ஒரு மூடி, ஐசு ஒரு கைப்பிடி."

ஒரு ஆளுக்கா? நல்லா பாத்தீங்களா? நாங்க எப்பவும் ஆறு பேருக்கு, எட்டு பேருக்குதான் பண்ணுவோம். ஒரு ஆளுக்குன்னு எங்க வீட்ல பண்ணினதே இல்லியே. அதுக்குக் கீழ? அதுக்குக் கீழ ஒண்ணும் இல்லியா? பேரு போட்டிருக்காளா? பேருகூட இல்லியா?

பின்பக்கம் திருப்புங்க தம்பி. லைட்டுகிட்ட புடிச்சுப் பாருங்க. ரெண்டு ஆளுக்கு எவ்வளவுன்னு எங்கியாவது ஒரு ஓரத்துலயாவது எழுதியிருப்பா.